ஆறு தோலும் எட்டு நிமிடமும்

சர்தார் பாஷா முதன்முதலாக நின்றுபோனது ஆம்பூர் பேருந்து நிலையத்தில், இரண்டாயிரத்துப் பதினெட்டு தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. எட்டு நிமிடம் நின்றார். அன்று தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய், வாணியம்பாடிப் பேருந்து வழக்கம்போல் தாமதம். கொய்யாப்பழக் கூடையைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தவர் அதைப் பாதியில் விட்டுவிட்டு, கால்களைச் சற்று அகட்டி, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி, அப்படியே நின்றார். பழங்கள் நடைமேடை முழுக்க உருண்டன. கண் இமைத்தது, மூச்சு வந்தது, கூப்பிட்டால் கருவிழி திரும்பியது. கையும் காலும் மட்டும் அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து கையை மடக்கிப் பார்த்தார்கள். கொடிக்கம்பத்தை மடக்குவது போலிருந்தது. பத்து இருபத்துமூன்றுக்குக் கைகள் தாமாக இறங்கின. அவர் குத்துக்காலிட்டுப் பழங்களைப் பொறுக்க ஆரம்பித்தார். "ஒன்னும் இல்ல, போங்கப்பா" என்றார். அதற்குள் பாதிப் பழம் காணாமல் போயிருந்தது; அது மட்டும் எல்லோருக்கும் தெரிந்த காரணத்தால் நடந்தது.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு மூன்று முறை நின்றார். டீக்கடையில் ஒருமுறை, பள்ளிவாசல் படியில் ஒருமுறை, ரேஷன் வரிசையில் இரண்டு முறை. ரேஷன் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். வேலூரில் ஒரு டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். மனைவி பில்கிஸ் தர்காவில் தாயத்து வாங்கிக் கட்டினாள். தாயத்தும் அவருடன் எட்டு நிமிடம் நின்றது, அவ்வளவுதான். ஒரு மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நிற்கிற மனிதனுக்கு ஏற்ற வேலை என்று ஊரில் கேலி பேசினார்கள். வாசலில் கைவிரித்து நின்று ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தையே எட்டு நிமிடம் மறித்துவிட்டார் என்று மூன்றாம் வாரம் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் தள்ளுவண்டியில் பழம் விற்பதுதான் நிலைத்தது. நின்றாலும் வண்டி நிற்கும், யாரும் கேட்கமாட்டார்கள். இந்த ஊர் எதையும் மூன்று தடவை பார்த்தால் பழகிக்கொள்ளும். நின்றுபோனவரைப் பார்த்தால் "பாய் நிக்கிறாரு" என்று சொல்லி வண்டியை ஒடித்துத் திருப்பிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.

அவர் நின்றதற்கான காரணம் அதே ஊரில், நான்கு தெரு தள்ளி, ஒரு மாடி அறையில் முக்காலியின் மேல் உட்கார்ந்திருந்தது. அது ஒரு கேமரா. நவநீதன் என்பவன் தன் கையால் செய்தது. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் ஆம்பூருக்குத் தோல் வேலைக்கு வந்தவன். நகரங்களைப் பெரிய படமாக எடுக்கவேண்டும் என்பது அவனுக்கு ஒரு கிறுக்கு. செல்போனில் எடுக்கிற படம் அல்ல. ஒவ்வொரு ஜன்னல் கம்பியும், ஒவ்வொரு கொடிக்கயிறும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருக்கிற பெயரும் தனித்தனியாகத் தெரிகிற, ஒரு முறத்தின் அகலத்துக்குப் படம். அவ்வளவு பெரிய படம் எடுக்க அவ்வளவு பெரிய கேமரா வேண்டும், அது கடையில் கிடைக்காது. பழைய தேக்குக் கட்டிலை அறுத்துச் சட்டம் செய்தான். மூடிப்போன ஒரு அச்சகத்திலிருந்து லென்ஸ் வாங்கினான். ஜன்னல் கண்ணாடியை மணல்தூள் போட்டு இருபது நாள் தேய்த்துப் பின்பக்கத் திரை செய்தான். அதில் ஊர் தலைகீழாக விழும். ஃபிலிமுக்கு வேலூர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் எக்ஸ்ரே ஃபிலிம். நெஞ்செலும்பு பார்ப்பதற்கென்று செய்த ஃபிலிமில் ஊரைப் பார்த்தவன் அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

மிச்சம் வேண்டியிருந்தது லென்ஸுக்கும் திரைக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக விரிகிற தோல் துருத்தி மட்டும். வெளிச்சம் ஒரு பொட்டு உள்ளே போகக்கூடாது. அதே சமயம் மெல்லியதாக, வலுவாக இருக்கவேண்டும். கருப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுத் தோல்தான் அதற்குச் சரி. ஆறு தோல் வேண்டும். ஆறு தோலுக்கு ஆம்பூரிலா பஞ்சம்? காசு கொடுத்தால் பேரணாம்பட்டில் அரைநாளில் கிடைத்திருக்கும். அதுதான் இந்தக் கதையிலேயே கேவலமான இடம். நவநீதன் அப்போது ஊருக்கு மேற்கே ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், தரம் பிரிக்கும் மேஜையில் வேலை பார்த்தான். அன்றைக்கு அவன் கையில் வந்த தோல் கட்டுக்குள் ஆறு தோல்கள், அவன் கனவில் தடவிப் பார்த்த தோல்களைப் போலவே இருந்தன. சட்டையைக் கழற்றி வயிற்றைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டான்.

அந்த மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. ஐம்பது தோல் பிரித்து முடித்ததும் கட்டிவைத்து, மேல்தோலின் உள்பக்கம் அவரவர் குறியைச் சாக்பீஸால் போடவேண்டும். குறி போட்டவன் அந்தக் கட்டுக்குப் பொறுப்பு. யாருக்காவது அவசரமென்றால் பக்கத்தில் நிற்பவன் கட்டைக் கட்டித் தன் குறியைப் போட்டுவிடுவான். மறுநாள் இவன் அவனுக்குச் செய்வான். எண்ணிப் பார்க்கமாட்டார்கள். எண்ணினால் நம்பவில்லை என்று அர்த்தம், அது மரியாதைக் குறைவு. பக்கத்து இடத்தில் நின்ற சர்தார் பாஷாவிடம் நவநீதன், அம்மாவுக்குக் காய்ச்சல், அரைமணி முன்னால் போகிறேன், என் கட்டை முடித்துவிடுங்கள் பாய் என்றான். சர்தார் பாஷா அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், வேலைக்கு வந்த புதிதில் அவனுக்குத் தோலை விரலால் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர். "போ போ, அம்மாவப் பாரு மொதல்ல" என்று சொல்லிவிட்டு நவநீதனின் கட்டில் தன் குறியைப் போட்டார். வட்டத்துக்குள் ஒரு கோடு, அதுதான் அவர் குறி. அம்மா அன்று குடியாத்தத்தில் கிண்ணென்று இருந்தாள்.

மறுநாள் அந்தக் கட்டில் நாற்பத்துநான்கு தோல்தான் இருந்தது. சூப்பர்வைசர் வீரபாகு கத்தவில்லை, அடிக்கவில்லை. மாலை ஐந்தரைக்கு ஷிப்ட் விடுகிற நேரத்தில் சர்தார் பாஷாவைக் கேட்டில், சோதனைக்கு நிற்கிற மாதிரிக் கால் அகட்டிக் கை விரித்து நிற்கச் சொன்னார். முந்நூறு பேரும் அவரைக் கடந்து வெளியே போகும்வரை கையை இறக்கக்கூடாது. முந்நூறு பேரும் கடந்து போனார்கள். நவநீதனும் கடந்து போனான். பதினேழு வருஷம் வேலை பார்த்தவரை அன்றோடு அனுப்பிவிட்டார்கள். தோல் ஷாப்புக்காரர்களுக்குள் செய்தி எங்கள் ஊரில் தந்தியைவிட வேகமாகப் போகும். வாணியம்பாடி வரைக்கும் ஒரு மேஜையிலும் அவருக்கு இடமில்லை. மறுவாரம் தெருவில் எதிர்ப்பட்டபோது நவநீதன் எதையாவது சொல்லித் தொலைக்கவேண்டுமே என்று, "நீங்க எடுத்திருக்க மாட்டீங்க பாய், எனக்குத் தெரியும்" என்றான். சர்தார் பாஷா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரிலேயே நீ ஒருத்தன்தான் இதைச் சொன்னாய் என்றார். அந்தக் கையை அன்றிரவு நவநீதன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியதாக அவன் மனைவி தீபலட்சுமி பின்னாளில் சொன்னாள்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கேமரா முடிந்தது. மனிதர்களுக்கு முகம் கொடுக்க முடியாதவனுக்கு மனிதர்கள் இல்லாத ஊரைப் படமெடுக்கும் ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை. வெல்டிங் பட்டறையில் கண்ணுக்குப் பிடிக்கிற கருங்கண்ணாடியை லென்ஸின் முன்னால் வைத்தான். அதனால் லென்ஸ் மூடியை எட்டு நிமிடம் திறந்துவைக்க வேண்டியிருந்தது. எட்டு நிமிடத்தில் நடக்கிறவர்கள், ஓடுகிற ஆட்டோக்கள், மேய்கிற மாடு எதுவும் ஃபிலிமில் தங்காது. அசையாதது மட்டும்தான் தங்கும்: சுவர், கம்பம், கோபுரம், மினாரா. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு மொட்டைமாடியிலிருந்து பஜார் தெருவைப் பார்த்து முதல்முறையாக மூடியை எடுத்தான். பத்து இருபத்துமூன்றுக்கு மூடினான். சிவப்பு பல்பு எரிகிற குளியலறையில் ஃபிலிமைக் கழுவியபோது, அவன் நினைத்தபடியே ஜன நெரிசலான பஜார் தெரு ஈ காக்கை இல்லாமல் வந்திருந்தது. நடுவில் ஒருவர் மட்டும் கைவிரித்து நின்றுகொண்டிருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை, ஆனாலும் வைத்துப் பார்த்தான். சட்டைப்பையில் சாக்பீஸ் துண்டு தெரிந்தது.

நவநீதன் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தீபலட்சுமி தட்டியபோது வயிறு சரியில்லை என்றான். பிறகு வேறு இடத்தில் எடுத்துப் பார்த்தான். பாலாற்றுப் பாலத்திலிருந்து எடுத்தான். மணல்மேல் அவர் நின்றார். வேலூர்க் கோட்டை அகழியை எடுத்தான், மதில்மேல் நின்றார். வாலாஜாபேட்டைக்கு லாரியில் கேமராவை ஏற்றிக்கொண்டு போய்க் கடைத்தெருவை எடுத்தான். ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றார். ஏலகிரி வளைவிலிருந்து கீழே மொத்தப் பள்ளத்தாக்கையும் எடுத்த படத்தில் அரிசிமணி அளவுக்கு நின்றார், அப்போதும் சாக்பீஸ் தெரிந்தது. ஊரடங்கு வந்து எல்லாத் தெருவும் உண்மையிலேயே காலியாகக் கிடந்த மாதங்களில் எடுத்த பதினொரு படங்களிலும் அவர் ஒருவர்தான் சட்டத்தை மீறி வெளியே நின்றார். இது மனப்பிராந்தி இல்லை என்பதற்கு, தீபலட்சுமி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு "இது யாரு, நம்ம பழக்கார பாய் மாதிரி கீது?" என்று கேட்டதே சாட்சி. அவன், யாரோ, வெளிச்சக் கோளாறு என்றான். வெளிச்சக் கோளாறுக்குத் தாடி இருப்பதை அவள் சுட்டிக்காட்டவில்லை.

படங்களைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை, ஏனென்றால் நன்றாக வந்திருந்தன. இதை எழுதுகிறபோதே கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. சென்னையில் கண்காட்சிகள் நடத்தும் கலையரசி என்பவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்து பார்த்து, மூக்கில் விரல் வைத்தார். ஆளற்ற நகரம், அதில் ஒரே ஒரு மனிதன், விரித்த கைகள். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அர்த்தம் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தாலாவது பாதி உண்மை. நவநீதன், அவர் எனக்குத் தெரிந்தவர், எனக்காக வந்து நிற்கிறார் என்றான். கண்காட்சி நடந்தது. செய்தித்தாளில் படம் வந்தது. ஷூ கம்பெனிக்காரர்கள் தங்கள் வரவேற்பறைகளில் மாட்ட வாங்கினார்கள். நெருக்கத்தில் பார்த்த யாரோ, கைவிரித்தவர் நகரத்தையே அணைத்துக்கொள்வதாக எழுதினார்கள். நவநீதன் அதைப் படித்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வெட்டிப் பத்திரப்படுத்தினான்.

அதுவரைக்கும் அவனுக்கு நிஜமாகவே ஒன்று தெரியாது: சர்தார் பாஷா ஊரில் நின்றுபோகிறார் என்று கேள்விப்பட்டிருந்தான், படத்தில் நிற்பதையும் பார்த்திருந்தான், இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்க்க விரும்பவில்லை என்றும் சொல்லலாம். இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் மாசி மாதம், பைபாஸ் மேம்பாலத்தின் மேல் கேமராவை நிறுத்தி மூடியை எடுத்தான். கீழே நெடுஞ்சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பழவண்டி நடு ரோட்டில் நின்றது. தள்ளிக்கொண்டு வந்தவர் கையை எடுத்து விரித்தார். பெங்களூர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒடித்துத் திரும்பின. ஒரு டேங்கர் அவர் விரல் நுனியை உரசாத குறையாகப் போனது. நவநீதன் பதறிப்போய் லென்ஸை மூடினான். கைகள் இறங்கின. அவர் வண்டியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். அப்போது அவன் ஒன்று செய்தான். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவேண்டும் என்று மூடியை இன்னொரு முறை, ஒரே ஒரு நொடி, எடுத்துப் பார்த்தான். நடுரோட்டில் அவர் கை மறுபடியும் எழுந்தது. மூடினான், இறங்கியது.

தோல் திருடியதை ஒருநாள் யாரிடமாவது சொல்லிவிடலாம் என்று அவன் எப்போதாவது நினைத்ததுண்டு. அந்த ஒரு நொடியைச் சொல்ல முடியும் என்று நினைத்ததே இல்லை. ஆறேழு மாதம் கேமராவை உறைபோட்டு மூடிவைத்தான். பிறகு கலையரசியிடமிருந்து போன் வர, விடியற்காலையில் எடுத்தால் அவர் தூங்கிக்கொண்டிருப்பார், தூங்குகிறவர் நின்றால் என்ன உட்கார்ந்தால் என்ன என்று தனக்குத் தானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு, விடியற்காலையில் எடுத்தான். பழவண்டிக்காரன் விடியற்காலையில் எங்கே தூங்குவான்? மண்டியில் நிற்பான். அந்தக் காலைகளில் சர்தார் பாஷா மண்டியில் கைவிரித்து நிற்க, நல்ல பழமெல்லாம் மற்றவர்கள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அவர் அடிபட்ட மிச்சத்தை வாங்கி வந்து விற்றார்.

இருபத்துநான்கு வைகாசியில் சர்தார் பாஷா நவநீதன் வீட்டுப் படியேறி வந்தார். மகள் அக்தரிக்கு நிக்காஹ், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. பத்திரிகையை இரண்டு கையாலும் கொடுத்தார். "ஷாப்பு ஆளுங்கள்ள உனக்குத்தான் மொதல்ல வைக்கிறேன். ஏன்னு உனக்கே தெரியும். கண்டிப்பா வரணும், தங்கச்சியையும் இட்டுனு வா" என்றார். நவநீதன் பத்திரிகையை வாங்கிக்கொண்டான். தீபலட்சுமி டீ போட்டுக் கொடுத்தாள். அறைமூலையில் போர்வைக்குள் இருந்ததை அவர் தையல் மிஷின் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நவநீதன் போகவில்லை. சென்னையிலிருந்து கலையரசி வருகிறார் என்று ஒரு சாக்கு இருந்தது. அவரும் வந்தார். கேமராவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது வேலை செய்வதை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று இருபது. பார்த்துவிட்டுத்தான் சொன்னான், இரண்டு நிமிடம் போதும், காட்டுகிறேன் என்று. புகழ் என்பது மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று பெரிதாக ஆராய வேண்டியதில்லை. இந்த இரண்டு நிமிடம் போதும். ஜன்னல் பக்கம் கேமராவைத் திருப்பி மூடியை எடுத்தான். நான்கு தெரு தள்ளி, மண்டபத்தில், காஜியார் நீட்டிய தஃப்தரில், நிக்காஹ் பதிவேட்டில், கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிய சர்தார் பாஷா எழுந்து நின்றார். பேனா விழுந்தது. நானூறு பேர் நடுவில் கால் அகட்டிக் கை விரித்தார். பழவண்டியோடு நின்றபோதெல்லாம் யாரும் அதை யோசித்துப் பார்த்ததில்லை. அன்று புதுச்சட்டை, தொப்பி, அத்தர் வாசனையோடு நின்றபோது கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பழைய ஷாப்பு ஆள் ஒருவன் சத்தமாகவே சொன்னான்: "டேய், கேட்ல நின்னானே, அதே மாதிரி நிக்கிறான்டா."

மாப்பிள்ளை வீட்டார், எந்தக் கேட், எதற்கு நின்றார் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் சொல்ல ஊரில் ஆளா இல்லை? இரண்டு நிமிடத்தில் கைகள் இறங்கிவிட்டன, ஆனால் திருட்டு என்ற சொல் அதற்குள் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வந்திருந்தது. ஒன்றேகால் மணி நேரம் பேச்சு நடந்தது. பில்கிஸ் சம்பந்தியம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். கடைசியில் மாப்பிள்ளைப் பையனே எழுந்து வந்து கையெழுத்துப் போட்டான், அவன் நல்ல பையன். நிக்காஹ் முடிந்தது. ஆனால் தேக்சாவில் பிரியாணி ஆறிப்போயிருந்தது, ஆம்பூரில் அது சின்ன விஷயம் இல்லை. சம்பந்தி வீட்டார் யாரும் சர்தார் பாஷாவைத் தழுவிக்கொள்ளாமல் வண்டியேறிப் போனார்கள்.

மதியமே தீபலட்சுமி செய்தியோடு வந்தாள். கலையரசி போயிருந்தார். தீபலட்சுமி நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, மணி எத்தனை என்று யாரும் கேட்காமலே, "பதினொன்னு இருவதுக்காம்" என்றாள். கேமராவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கேட்காததை அப்போதும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவள் கேட்டுத் தொலைத்திருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது. சோறு அப்படியே கிடந்தது.

திங்கட்கிழமை மதியம் கேமராவைக் கழற்றி, போர்வையால் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி, சர்தார் பாஷாவின் வீட்டுக்குப் போனான். மண்டபத்து அலங்காரப் பூக்கள் வாசலில் வாடிக் கிடந்தன. அவர் தரையில் பாய்மேல் உட்கார்ந்திருந்தார். நவநீதன் நின்றுகொண்டே சொன்னான். தோலைச் சொன்னான், அம்மாவின் காய்ச்சலைச் சொன்னான், படங்களைச் சொன்னான், மூடியைச் சொன்னான். மேம்பாலத்தில் இரண்டாவது முறை திறந்த அந்த ஒரு நொடியைச் சொல்லும்போது குரல் வரவில்லை, பில்கிஸ் "இன்னா? சத்தமா சொல்லு" என்றதால் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பார்த்ததையும் சொன்னான். சொல்லி முடித்தபோது அவன் உடம்பில் துணி இல்லாதது போலிருந்தது.

சர்தார் பாஷா எழுந்து வந்து போர்வையை விலக்கினார். துருத்தியை இழுத்து விரித்து, மடிப்புக்குள் விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். எட்டு வருஷமாகப் பழம் பிடித்த விரல்கள், ஆனால் மறக்கவில்லை.

"ஆறும் மொதல் தரம்," என்றார். "ஒரு கீறல் இல்ல, ஒரு உண்ணி கடிச்ச தடம் இல்ல. திருடினாலும் நல்லாத்தான் பொறுக்கிக்கீறே. நான் சொல்லிக் கொடுத்ததாச்சே."

நவநீதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. தோலு போவட்டும். வேலை போச்சு, அதும் போவட்டும். ஊர்ல எல்லாரும் என்னைத் திருடன்னு சொன்னப்ப நீ ஒருத்தன் சொன்னே, நீங்க எடுத்திருக்க மாட்டீங்க பாய், எனக்குத் தெரியும்னு. அந்த ஒரு வார்த்தைய வச்சினுதாம்பா இத்தினி வருஷம் ஓட்டினேன். இவகிட்ட சொல்லுவேன், ஒருத்தனாச்சும் நம்புறான்டின்னு. உனக்கு எப்படித் தெரியும்னு நான் ஒரு நாளும் கேக்கல பாரு. நான்தான் பைத்தியக்காரன்."

பில்கிஸ் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் தேவைக்கு மேல் கேட்டது. நவநீதன், என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன், கேமராவை உடைத்துப் போடுகிறேன் என்றான். சர்தார் பாஷா, நல்ல தோலை எவனாவது வீணாக்குவானா என்றார். சட்டையை மாட்டிக்கொண்டார். மணி நாலரை. ஐந்தரைக்கு ஷிப்ட் விடும், இதையும் எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார்.

தோல் ஷாப்பின் கேட் இப்போது நீலப் பெயின்ட் அடித்திருந்தது. வீரபாகு தலை நரைத்து இன்னும் அங்கேயே இருந்தார். சங்கு ஊதி ஆட்கள் வர ஆரம்பித்ததும் நவநீதன் கேட்டுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். இரண்டாவது முறை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான், இல்லை. கூட்டம் நின்று கேட்டது. பழைய ஆட்கள் சிலர் சர்தார் பாஷாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். வீரபாகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அது எப்பவோ முடிஞ்சுபோன விஷயம், இப்ப எதுக்கு" என்றார்.

"உங்களுக்கு முடிஞ்சிடுச்சு சார்," என்றார் சர்தார் பாஷா. "நான் நேத்துகூட நின்னேன்."

பிறகு நவநீதன் பக்கம் திரும்பி, இந்தக் கேட்டை நான் இல்லாமல் ஒரு படம் எடுக்கவேண்டும், மூடியை நானே எடுக்கிறேன் என்றார். நவநீதன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கேமராவைப் பொருத்தி, ஃபிலிமைச் செருகிக் கொடுத்து, ஓரமாகத் தள்ளி நின்றான். சர்தார் பாஷா பிஸ்மில்லா சொல்லி மூடியை எடுத்தார். அவர் கைகள் அசையவில்லை. அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டோரத்தில் நவநீதனின் கால்கள் தாமாக அகன்றன. கைகள் தோள் உயரத்துக்கு எழுந்து, விரிந்து, நின்றன. எட்டு நிமிடம். ஷிப்ட் முடிந்த அத்தனை பேரும், அன்று முந்நூறு, இப்போது நானூறு, அவனைக் கடந்து போனார்கள். ஒவ்வொருவரும் ஒரு பார்வை பார்த்தார்கள். முதல் ஆள் கடக்கும்போது தோளில் வலி, நூறாவது ஆள் கடக்கும்போது வலி இல்லை, வேறொன்று. அது எப்படியிருக்கும் என்று சர்தார் பாஷாவுக்குத் தெரியும், அதனால்தானோ என்னவோ அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபிலிமைக் கழுவியபோது நீலக் கேட் காலியாக வந்திருந்தது. நடுவில் நவநீதன் கைவிரித்து நின்றான். சட்டை வயிற்றுப் பக்கம் சற்று உப்பியிருந்தது.

கேமரா இப்போது சர்தார் பாஷாவிடம்தான் இருக்கிறது. தோல் படித்த விரல்களுக்கு ஃபிலிம் படிப்பது பெரிய வித்தையாக இல்லை. சம்பந்தி வீட்டார் ஒருநாள் மாலையோடு வந்து தழுவிக்கொண்டு போனார்கள், நீலக் கேட் படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கலையரசி இப்போது வந்து நிற்பது அவர் வீட்டு வாசலில். ஷாப்பில் மறுபடியும் மேஜை தருகிறோம் என்று வீரபாகு ஆள் அனுப்பினார். அவர் பழமே போதும் என்றுவிட்டார். காலையில் பழம், வாரம் இரண்டு நாள் படம். குடியாத்தத்துத் தெருக்கள், ஒடுகத்தூர் பேருந்து திரும்புமிடம், மழை பெய்து பாலாற்றில் தண்ணீர் வந்த அந்த நான்கு நாட்கள். எல்லாவற்றிலும் ஒரு மூலையில் நவநீதன் நிற்கிறான். அவர் அதற்கு ஒரு விளக்கமும் சொல்வதில்லை.

முதல் வாரத்திலேயே சர்தார் பாஷா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார், செவ்வாயும் சனியும் பத்து மணிக்கு மேல் எடுப்பேன், அந்த நேரத்தில் ரோட்டைக் கடக்காதே, அடுப்புப் பக்கம் போகாதே என்று. ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட நவநீதன் அவருக்குச் செய்யாத உபகாரம் அது. அதைக் கேட்ட அன்றுதான் அவன் அழுதான், கேட்டில் நின்றபோது அழவில்லை. மன்னிப்பு என்ற பேச்சு இருவருக்குள்ளும் இதுவரை வரவில்லை. எதிர்ப்பட்டால் சலாம் உண்டு, கை பிடிப்பது இல்லை.

சனிக்கிழமைகளில் வீட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கலாம். நவநீதன் உட்காருவதில்லை. ஒன்பதரைக்கே பையை எடுத்துக்கொண்டு, கூட்டம் எங்கே ஜாஸ்தியோ அந்த மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறான். போன சனிக்கிழமை காய்க்கடைச் சுந்தரியிடம் கால் கிலோ பச்சைமிளகாய் கேட்டு, பையை நீட்டிய நேரத்தில் கைகள் எழுந்தன. தக்காளி அன்று கிலோ நாற்பது. சுந்தரி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாய் படம் புடிக்கிறாரு" என்று பக்கத்துக் கடைக்குச் சொன்னாள். தரையில் விழுந்த பையை எடுத்துத் தட்டி, மிளகாயைப் போட்டு, அவன் நீட்டிய கையிலேயே மாட்டிவிட்டு, அடுத்தவருக்கு எடை போட ஆரம்பித்தாள்.